திரையில் செத்துச் செத்துப் பிழைத்தவர்: அன்னா மே வொங்

2022 ஒக்ரோபரில் அமெரிக்கா ஒரு புதிய 25 சத நாணயத்தை வெளியிட்டது. ஒரு பக்கத்தில் வழமைபோல ஜோர்ஜ் வொஷிங்டன். மற்றப் பக்கத்தில், கையில் நாடியைத் தாங்கியபடி ஒரு பெண். நெற்றியில் கோடு போட்டதுபோல வெட்டிய முடி, நீளமான விரல்கள், சுற்றிவரப் பழைய தியேட்டர் வாசலில் எரிகிற மாதிரிச் சின்னச் சின்ன மின்குமிழ்கள். அமெரிக்க நாணயமொன்றில் ஆசியப் பூர்வீகம் கொண்ட ஓர் அமெரிக்கரின் முகம் வந்தது அதுதான் முதல் தடவை. அவர் பெயர் அன்னா மே வொங். மௌனப்பட காலத்தில் நடிக்கத் தொடங்கிய ஹொலிவூட் நடிகை.

இந்த நாணயத்துக்குப் பக்கத்தில் இன்னொரு தாளையும் வைத்துப் பார்க்க வேண்டும் என்று நாங்கள் நினைக்கிறோம். 98 வருசத்துக்கு முந்தி, 1924 இல், இதே அன்னா மே வொங் அமெரிக்காவை விட்டு வெளியே போய்த் திரும்பி வருவதற்காக ஒரு படிவம் நிரப்பவேண்டி இருந்தது. சீன இனத்தவர்களுக்கென்றே அச்சடித்த படிவம். அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால், ‘அமெரிக்கக் குடியுரிமை உள்ளவரென்று சொல்லப்படும் சீன இனத்தவரின்’ விண்ணப்பம். அந்த ‘சொல்லப்படும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அன்னா மே பிறந்தது லொஸ் ஏஞ்சல்ஸில். அவருடைய அப்பா பிறந்ததும் கலிபோர்னியாவில்தான். ரெண்டு தலைமுறையாக அங்கேயே பிறந்தவர்கள். எண்டாலும் அரசாங்கத்தின் தாளில் அவர் அமெரிக்கர் இல்லை, அமெரிக்கரென்று ‘சொல்லப்படுகிறவர்’.

அதே 1924 இல்தான் உலகம் முழுக்க ஓடிய ஒரு படத்தில் அவர் பேர் வாங்கினார். இந்த ரெண்டையும் சேர்த்து யோசிச்சாத்தான் அவருடைய வாழ்க்கை விளங்கும்.

சலவைக்கடைப் பிள்ளை

1905 ஜனவரி 3 ஆம் திகதி பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் வொங் லியூ சொங். உறைபனி படிந்த மஞ்சள் வில்லோ மரம் என்பதுபோல அதற்குப் பொருள் சொல்வார்கள். அப்பாவுக்குச் சலவைக்கடை. அந்தக் காலத்து அமெரிக்காவில் சீனர்களுக்குத் திறந்திருந்த தொழில்கள் கொஞ்சம்தான்; அதில் சலவைக்கடை ஒன்று. 1882 இல் கொண்டுவந்த சீன விலக்குச் சட்டம் சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வருவதையே தடுத்தது. சீனாவிலிருந்து வந்தவர்கள் குடியுரிமை பெறவும் முடியாது. அமெரிக்காவில் பிறந்த சீனப் பிள்ளைகள் குடிமக்களா இல்லையா என்ற கேள்விகூட உயர் நீதிமன்றம் வரைக்கும் போய், 1898 இல்தான் ‘ஓம், குடிமக்கள்தான்’ என்று தீர்ப்பு வந்தது. அந்த வழக்கைப் போட்டவரும் ஒரு வொங்தான், வொங் கிம் ஆர்க். அன்னா மேயின் சொந்தக்காரர் இல்லை. சீனாவுக்குப் போய்த் திரும்பி வந்தவரைச் சான் பிரான்சிஸ்கோ துறைமுகத்தில் இறங்கவிடாமல் மறித்ததால் வந்த வழக்கு அது.

பள்ளிக்கூடத்தில் வெள்ளைக்காரப் பெடியளின் கேலியும் அடியும் தாங்காமல், சீனப் பிள்ளைகளுக்கான மிஷன் பாடசாலைக்கு மாறவேண்டி வந்தது. அதே காலத்தில்தான் படக் கம்பனிகள் நியூயோர்க்கை விட்டுக் கலிபோர்னியாவுக்கு வரத் தொடங்கின. வெயில் இருந்தது, நிலம் மலிவு, விதவிதமான தெருக்கள் இருந்தன. சைனாரவுனும் அந்தத் தெருக்களில் ஒன்று. சனம் கூடி நின்று படப்பிடிப்புப் பார்க்கும். அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் எப்பவும் ஒரு சின்னப் பெட்டை நிற்கும். படப்பிடிப்புக்காரர் அவளுக்கு ‘ஆர்வக்கோளாறுச் சீனப் பிள்ளை’ என்ற அர்த்தத்தில் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு ஒளிச்சுப் படம் பார்க்கப் போவது, வீட்டுக்கு வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்று அழுது பார்ப்பது, இதுதான் அவருடைய நடிப்புப் பள்ளி. வேறு பயிற்சி எதுவும் இல்லை.

1919 இல் ‘த ரெட் லான்டர்ன்’ என்ற படத்துக்கு நூற்றுக்கணக்கில் சீனப் பெண்கள் தேவைப்பட்டார்கள். விளக்குப் பிடித்துக்கொண்டு நடந்து போகிற கூட்டக் காட்சி. 14 வயதில் அன்னா மே அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. அந்தப் படத்தின் கதாநாயகியும் பாதிச் சீனத்திதான். ஆனால் நடித்தவர் அல்லா நஸிமோவா, ரஷ்யப் பேரரசில் பிறந்த வெள்ளைக்கார நடிகை. சீனக் கதை, சீனக் கூட்டம், நடுவில் கண்ணோரத்தை மேக்கப்பால் இழுத்துவிட்ட வெள்ளைக்காரி. அன்னா மே சினிமாவுக்குள் நுழைந்த முதல் நாளே கண்ட ஏற்பாடு இது. கடைசிவரைக்கும் அவரை விட்டுப் போகாத ஏற்பாடும் இதுதான்.

கடலுக்குள் நடந்து போன பெண்

1922 இல், 17 வயதில், முதல் கதாநாயகி வேடம் கிடைத்தது. படம் ‘த டோல் ஒஃப் த சீ’. ரெண்டு நிறங்களை வைத்து எடுக்கப்பட்ட தொடக்ககால டெக்னிக்கலர் படம். சினிமா வரலாற்றில் அதற்குப் பெரிய இடமுண்டு. கதை பழைய கதைதான், மடம் பட்டர்ஃபிளை கதையைச் சீனாவுக்கு மாற்றினது. கரையொதுங்கிய அமெரிக்கனை ‘தாமரைப்பூ’ என்ற சீனப் பெண் காப்பாற்றுகிறாள். காதல், பிள்ளை. அவன் நாட்டுக்குப் போய் வெள்ளைக்கார மனைவியோடு திரும்பி வருகிறான். தாமரைப்பூ தன் மகனை அந்த மனைவியின் கையில் கொடுத்துவிட்டுக் கடலுக்குள் நடந்து போகிறாள்.

இன்றைக்குப் பார்த்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. மௌனப் படங்களில் கையைக் காலை ஆட்டிப் பெரிதாக நடிப்பதுதான் வழக்கம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். இந்தப் பிள்ளை அப்படி ஒன்றும் செய்யவில்லை. தான் கைவிடப்பட்டது விளங்குகிற காட்சியில் முகத்தில் அசைவே குறைவு. கண் மட்டும் நிறையும். பிறகு தலையை நிமிர்த்திக்கொண்டு, எதுவும் நடக்காததுபோலச் சிரிக்கப் பார்ப்பார். அந்தப் படத்தின் கடைசிச் சுருள் பிறகு தொலைந்து போனது. 1980களில் மீட்டெடுத்தபோது, பழைய ரெண்டு நிறக் கமெரா ஒன்றாலேயே பசிபிக் கடலைப் புதிதாகப் படம்பிடித்து முடிவில் சேர்த்தார்கள். ஆக, இன்றைக்கு நாங்கள் பார்க்கிற பிரதியில் கடைசியில் கடல்தான் இருக்கிறது, அவர் இல்லை.

1924 இல் டக்ளஸ் ஃபெயார்பாங்ஸ் நடித்த ‘த தீஃப் ஒஃப் பக்தாத்’ வந்தது. அதில் அவர் இளவரசியைக் காட்டிக்கொடுக்கிற மொங்கோலிய அடிமைப் பெண். சின்ன வேடம், குறைந்த உடுப்பு. ஆனால் அந்தக் காலத்தின் மிகப் பெரிய படங்களில் ஒன்று என்பதால் உலகம் முழுக்க முகம் தெரிந்துவிட்டது. 19 வயது. அந்த வருசமே சீனக் கதைகளைத் தானே படமாக்க ஒரு கம்பனி தொடங்கப் பார்த்தார். கூட்டாளி நேர்மையில்லாமல் நடந்ததால் அது முளையிலேயே கருகிப்போனது.

அதற்குப் பிறகு அவருக்கு முன்னால் இருந்தது ரெண்டே ரெண்டு கதவு. ஒன்று, ஆணுக்காக உருகி உயிரை விடுகிற தாமரைப்பூ. மற்றது, நஞ்சு வைக்கிற, சூழ்ச்சி செய்கிற ‘டிராகன் பெண்’. ரெண்டிலும் முடிவு ஒன்றுதான், சாவு. கடலில், கத்தியில், துவக்குச் சூட்டில். தன் கல்லறையில், ஆயிரம் தடவை செத்தவர் என்று எழுதவேணும் என்று அவரே பகிடியாகச் சொன்னதாகச் சொல்வார்கள்.

ஏன் எப்பவும் சாக வேண்டி இருந்தது?

இதைக் கதையெழுதினவர்களின் ரசனைக் குறைவு என்று சொல்லிவிட்டுப் போகலாம். நாங்களும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் கலிபோர்னியாவின் சட்டத்தைப் பார்த்தால் வேறொன்று விளங்கும்.

கலிபோர்னியாவில் வெள்ளையரும் ‘மொங்கோலியர்’ என்று சட்டம் வகைப்படுத்தியவர்களும் கலியாணம் கட்ட முடியாது. 1880 இல் போட்ட தடை அது. மாநில உயர் நீதிமன்றம் அதைத் தூக்கியது 1948 இல். அன்னா மேயின் இளமைக்காலம் முழுக்க இதற்குள் அடக்கம். இன்னொரு பக்கமும் கதவு அடைத்திருந்தது. 1922 ஆம் ஆண்டின் கேபிள் சட்டப்படி, அமெரிக்கப் பெண் ஒருத்தி குடியுரிமை பெறத் தகுதியற்ற வெளிநாட்டவரைக் கட்டினால் அவளுடைய குடியுரிமையும் போகும். அந்தத் ‘தகுதியற்றவர்’ பட்டியலில் சீனாவில் பிறந்த சீனர்கள் இருந்தார்கள். 1931 இல்தான் அந்தப் பிரிவை மாற்றினார்கள். அதாவது, வெள்ளைக்காரனைக் கட்டினால் கலியாணம் செல்லாது. சீனாவில் பிறந்தவரைக் கட்டினால் நாடு இல்லை. அவர் கடைசிவரை கலியாணம் செய்யவில்லை. அதற்கு இதுதான் காரணம் என்று நாங்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டோம். ஆனால் எந்த நிலத்தில் நின்று அவர் வாழ்ந்தார் என்பது விளங்குகிறதுதானே?

இனிச் சினிமாவுக்கு வருவோம். 1930 இல் ஹொலிவூட் தனக்குத்தானே ஒரு ஒழுக்கக் கோவையை எழுதிக்கொண்டது. 1934 இலிருந்து அதை இறுக்கமாக நடைமுறைப்படுத்தியது. இனக்கலப்பு உறவுகளைத் திரையில் காட்டக்கூடாது என்பது அதில் ஒரு விதி. எழுத்தில் அது வெள்ளையர் கறுப்பர் பற்றித்தான் பேசியது. ஆனால் ஸ்டூடியோக்கள் ஆசியர்களுக்கும் அதையே நீட்டிப் பிடித்தன. கதாநாயகன் எப்பவும் வெள்ளைக்காரன். அவனைச் சீனப் பெண் காதலிக்கலாம், கட்ட முடியாது. அப்போ கதையை எப்படி முடிக்கிறது? அவள் சாகவேண்டும். அவள் செத்தால்தான் அவன் வீட்டுக்குப் போகலாம், பார்வையாளர்களும் நிம்மதியாக எழும்பிப் போகலாம். திரையில் அவர் செத்த ஒவ்வொரு சாவுக்கும் பின்னால் ஒரு சட்டப் புத்தகம் இருந்தது.

ஐரோப்பாவில் கிடைத்த மூச்சு

1928 இல் அவர் ஹொலிவூட்டை விட்டு வெளிக்கிட்டார். முதலில் பெர்லின். அங்கே ‘சோங்’ என்ற படத்தில் கதாநாயகி. வால்டர் பெஞ்சமின் என்ற பெயரைத் தத்துவம், இலக்கியம் வாசிக்கிறவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர் அந்த வருசம் அன்னா மேயைச் சந்தித்து ஒரு கட்டுரையே எழுதினார். பிறகு லண்டனில் ‘பிக்கடில்லி’. 1929 இல் வந்த அந்தப் படத்தில் அவர் ஷோஷோ, இரவு விடுதியொன்றின் பின்பக்கம் பாத்திரம் கழுவுகிற பெண். சமையலறையில் மேசைமேல் ஏறி நின்று ஆடுகிறார். மற்ற வேலைக்காரிகள் கையில் வேலையை வைத்துக்கொண்டு அப்படியே பார்த்து நிற்கிறார்கள். முதலாளி வாசலில் வந்து நிற்கிறார். அந்தக் காட்சியில் அவர் யாருக்காகவும் ஆடவில்லை. சலிப்பிலும் சந்தோசத்திலும் தனக்காக ஆடுகிறார். முதற்பெயர் வேறு நடிகைக்குத்தான், ஆனால் பார்த்தவர்கள் மனதில் நின்றது ஷோஷோ. அங்கேயும் ஒரு வெள்ளைக்காரனோடு முத்தம் திரைக்கு வராமல் வெட்டுப்பட்டது. அங்கேயும் கடைசியில் சாவு. ஐரோப்பா சொர்க்கம் ஒன்றும் இல்லை. ஆனால் கதையின் நடுவில் நிற்க விட்டது.

லண்டனில் லோரன்ஸ் ஒலிவியேயோடு ‘த சேர்க்கிள் ஒஃப் சோக்’ என்ற நாடகத்தில் நடித்தார். விமர்சகர்கள் ஒரு குறை பிடித்தார்கள், அதுவும் வேடிக்கையான குறை. சீனப் பெண்ணின் வாயிலிருந்து அசல் கலிபோர்னியா இங்கிலிஷ் வந்தது அவர்களுக்குப் பிடிக்கவில்லை! ஹொலிவூட்டில் போதுமான அளவு அமெரிக்கர் இல்லை, லண்டனில் அளவுக்கு மிஞ்சி அமெரிக்கர். அவர் அழுதுகொண்டு இருக்கவில்லை. காசு கட்டி ஆசிரியர் வைத்து உச்சரிப்புப் படித்தார். ஜெர்மனும் பிரெஞ்சும் படித்தார். பேசும்படம் வந்த புதிதில் டப்பிங் வசதி இல்லாததால் ஒரே படத்தை மொழிக்கொரு தடவை எடுப்பார்கள். 1930 இல் அப்படி ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு என்று மூன்று மொழியிலும் எடுத்த ஒரு படத்தில் கதாநாயகி இவர்தான். பள்ளிக்கூடத்தை முடிக்காத சலவைக்கடைப் பிள்ளை.

பிறகு பிரோட்வே நாடகம், திரும்பவும் ஹொலிவூட். 1931 இல் ‘டோட்டர் ஒஃப் த டிராகன்’. கதையே அந்த மகளைச் சுற்றித்தான், அவர்தான் மகள். சம்பளம் 6000 டொலர். அப்பாவாக வந்து படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே செத்துப்போகிற வோர்னர் ஓலண்டுக்கு 12000 டொலர். ஓலண்ட் சுவீடனில் பிறந்த வெள்ளைக்காரர். சீனராக வேடம் போட்டே பெரிய ஆளானவர். 1932 இல் மார்லீன் டீட்ரிச்சோடு ‘ஷாங்காய் எக்ஸ்பிரஸ்’. அதில் அவர் சாகவில்லை. தன்னைச் சீரழித்த தளபதியைக் கத்தியால் குத்திவிட்டு, அலட்டிக்கொள்ளாமல் தன் வழியில் போகிறார். வசனம் கொஞ்சம்தான். ஆனால் ரெண்டு பேரும் ஒரே ரயில் பெட்டிக்குள் இருக்கிற காட்சிகளில் டீட்ரிச்சை விட்டுக் கண் இவர் பக்கம் போவதை நாங்கள் எல்லாருமே ஒத்துக்கொண்டோம்.

கிடைக்காமல் போன ஒரு வேடம்

பேர்ள் பக் எழுதிய ‘த குட் ஏர்த்’ நாவல் 1931 இல் வந்தது. சீன விவசாயக் குடும்பமொன்றின் கதை. எம்.ஜி.எம். ஸ்டூடியோ அதைப் படமாக்கத் தீர்மானித்தது. அதில் ஓ-லான் என்ற மனைவி பாத்திரம் இருக்கிறது. பஞ்சத்திலும் பிரசவத்திலும் வயலிலும் குடும்பத்தைத் தாங்குகிற பெண். தாமரைப்பூவும் இல்லை, டிராகனும் இல்லை, ஒரு மனுசி. ஹொலிவூட்டில் சீனப் பெண்ணுக்கு அப்படியொரு வேடம் அதற்கு முந்தி இருந்ததில்லை. அன்னா மே அதற்காகவே காத்திருந்தார். பத்திரிகைகளும் அவர் பெயரைச் சொல்லின.

ஆனால் கணவன் வேடத்துக்குப் பால் மூனியைப் போட்டார்கள். வெள்ளைக்காரர். கணவன் வெள்ளைக்காரர் என்றால் மனைவி உண்மையான சீனத்தியாக இருக்க முடியாது, கோவை விடாது. பாத்திரங்கள் ரெண்டும் சீனர்தான், நடிக்கிறவர்களின் தோல்தான் பிரச்சினை. ஓ-லான் வேடம் ஜெர்மனியில் பிறந்த லூயிசே ரைனருக்குப் போனது. அன்னா மேயைக் கூப்பிட்டது லோட்டஸ் என்ற பாத்திரத்துக்கு, குடும்பத்தைக் குலைக்கிற ஆசைநாயகி. அவர் சொன்ன பதிலின் சாரம் இதுதான்: ஓ-லானைத் தந்தால் சந்தோசமாக நடிப்பேன், வெள்ளைக்காரர் எல்லாரும் சீனராக நடிக்கிற படத்தில், சீன இரத்தம் ஓடுகிற என்னைக் கூப்பிட்டு, யாருக்கும் இரக்கம் வராத அந்த ஒரே வேடத்தைச் செய்யச் சொல்கிறீர்கள்.

கதையை இவ்வளவு நேராகச் சொல்வதும் சரியில்லை. ஸ்டூடியோக்காரர் அவரைச் சோதித்துப் பார்த்து, தங்கள் மனதிலிருந்த சீனத்தியாக அவர் இல்லை என்று குறிப்பெழுதினார்கள். படத்துக்கு ஆலோசனை சொன்ன சீன அரசாங்கத் தரப்பும் அவரை விரும்பவில்லை. சீனாவில் அவருக்குக் கெட்ட பெயர், போடாதீர்கள் என்றார்கள். ஆக, சீனத்தி என்பதால் ஹொலிவூட் தள்ளியது. தவறான சீனத்தி என்பதால் சீனாவும் தள்ளியது. லூயிசே ரைனருக்கு அந்த வேடத்துக்காக ஒஸ்கார் கிடைத்தது.

மறைத்தவரும் மறைக்க ஏலாதவரும்

இந்த இடத்தில் எங்கள் பக்கத்தோடு தொடர்புள்ள ஒரு பெயரும் வருகிறது. மேர்ல் ஓபரோன், அன்னா மேயின் காலத்து நட்சத்திரம். 1935 ஆம் ஆண்டுப் படமொன்றுக்காக ஒஸ்காருக்குப் பரிந்துரைக்கப்பட்டவர். அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாவில் பிறந்தவர் என்றே உலகத்துக்குச் சொல்லியிருந்தார்கள். உண்மையில் பிறந்தது பம்பாயில். அவரை வளர்த்த சார்லட் செல்பி இலங்கைப் பூர்வீகமுள்ள கலப்பினப் பெண். மேர்ல் அதை வாழ்நாள் முழுக்க மறைத்தார். பிரபலமான பிறகு வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சார்லட்டை வேலைக்காரி என்று அறிமுகம் செய்ததாகவும் அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். வெள்ளையாகத் தெரியக்கூடிய முகம் இருந்ததால் அவருக்குக் கதாநாயகி வேடங்கள் கிடைத்தன. அதற்காக அவர் கொடுத்தது தன்னை வளர்த்தவரை.

அன்னா மேக்கு அந்தத் தெரிவே இல்லை. முகத்தை மறைக்க ஏலாது. அதனால் அவர் மறைக்கிற யோசனையையே விட்டுவிட்டு, சீனப் பட்டு உடுப்புகளைப் போட்டுக்கொண்டு உலகத்துக்கு முன்னால் நின்றார். சில நேரம் அதை விற்றார் என்றும் சொல்லலாம். ரெண்டு பேரில் யாரைக் குறை சொல்லுவது என்று கேட்டால் எங்களிடம் பதில் இல்லை. குறை சொல்லவேண்டிய இடம் வேறு.

சீனாவில் கேட்ட கேள்வி

வேடம் கைநழுவிய கொஞ்ச நாளில், 1936 ஜனவரியில், அவர் கப்பலேறினார். 31 வயதில் முதல் தடவையாகச் சீனாவுக்கு. பயணத்தைப் பற்றி அமெரிக்கப் பத்திரிகைக்குக் கட்டுரைகளும் எழுதினார். ஷாங்காயில் கூட்டம் கூடியது. அங்கே பேசுகிற மொழி அவருக்குத் தெரியாது. வீட்டில் பேசியது தெற்கத்தைய வட்டார மொழி. தாய்ஷான் பகுதியில் அப்பா குடும்பத்தோடு திரும்பிப் போயிருந்த ஊருக்கும் போனார். பீக்கிங்கில் தங்கி மொழி படித்தார், சீன நாடகம் பார்த்தார்.

நான்ஜிங்கில் அதிகாரிகள் விருந்து வைத்தார்கள். விருந்தில் ஒருவர் மாறி ஒருவராக எழும்பி, ஏன் சீனாவைக் கேவலப்படுத்துகிற வேடங்களில் நடிக்கிறாய் என்று மணித்தியாலக் கணக்கில் கேட்டார்கள். அவருடைய பதில், தொடங்குகிறபோது தெரிவுசெய்கிற இடத்தில் தான் இருக்கவில்லை. தான் மறுத்தால் அந்த வேடம் இன்னொருவருக்குப் போகும், அவ்வளவுதான் என்பது. உண்மைதான். அந்த இன்னொருவர் பெரும்பாலும் கண்ணோரத்தை இழுத்து ஒட்டின வெள்ளைக்காரி.

இந்த இடத்தில் எங்களுக்குள்ளேயே ரெண்டு பக்கமாக வாதம் நடந்தது. ‘வாய்ப்பில்லை எண்டு சொல்லி இழிவான வேடங்களைச் செய்தா, பாக்கிற சனத்துக்கு அதுதானே உண்மையாப் போகும்? அந்த முகத்தை வச்சுத்தானே தெருவில போற மற்றச் சீனப் பெட்டையளையும் பாத்திருப்பாங்கள்’ என்பது ஒரு பக்கம். ‘அவ நடிக்காட்டி அந்த இடத்தில ஒரு உண்மையான முகமும் இருந்திராது, நாங்களும் இண்டைக்கு இதைக் கதைச்சிருக்க மாட்டம்’ என்பது மற்றப் பக்கம். வாதம் முடியவில்லை. ஒன்றில் மட்டும் உடன்பட்டோம். கேள்வியை அவரிடம் மட்டும் கேட்பது நியாயமில்லை. சட்டம் எழுதினவர்களையும் படம் எழுதினவர்களையும் யாரும் விருந்துக்குக் கூப்பிட்டு நிற்கவைத்துக் கேட்கவில்லை.

சாகாத ஒரு படம்

சீனாவிலிருந்து வந்தபிறகு 1937 இல் ‘டோட்டர் ஒஃப் ஷாங்காய்’. ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓடுகிற சின்னச் செலவுப் படம். ஆட்கடத்தல்காரரால் கொல்லப்பட்ட தன் அப்பாவுக்காகத் துப்புத்துலக்கப் போகிற மகள் அவர். கூட நடித்தவர் பிலிப் ஆன், கொரிய சுதந்திரப் போராட்டத் தலைவர் ஒருவரின் மகன், லொஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். அவருக்கு அரசாங்கத் துப்பறிவாளர் வேடம். ஆசியப் பெண்ணும் ஆசிய ஆணும் கதாநாயகி, கதாநாயகன். ரெண்டு பேரும் வில்லன்களை வெல்கிறார்கள், கடைசியில் கலியாணம் பேசுகிறார்கள். யாரும் கடலுக்குள் நடந்து போகவில்லை! 2006 இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இந்தப் படம் சேர்க்கப்பட்டது.

அதே வருசம் ஜப்பான் சீனாமீது முழு யுத்தம் தொடங்கியது. சீன நிவாரணத்துக்காகத் தன் உடுப்புகளை ஏலத்தில் விட்டார். 1942 இல் நடித்த ரெண்டு யுத்தப் படங்களின் சம்பளத்தையும் கொடுத்துவிட்டார். 1943 இல் சீனத் தலைவர் சியாங் காய் ஷேக்கின் மனைவி நிதி சேர்க்க ஹொலிவூட் வந்தபோது நட்சத்திரங்கள் எல்லாம் மேடையில். அன்னா மேயை மட்டும் கூப்பிடவில்லை. அதே 1943 இல் சீன விலக்குச் சட்டம் நீக்கப்பட்டது. சீனா யுத்தத்தில் கூட்டாளி என்பதுதான் முக்கியக் காரணம்.

1951 இல் ஒரு தொலைக்காட்சித் தொடர். சீனப் பெயரையே தலைப்பில் வைத்த தொடர், ‘த கேலரி ஒஃப் மடம் லியூ சொங்’. கலைப்பொருள் வியாபாரியாகவும் துப்பறிகிறவராகவும் நடித்தார். ஆசிய அமெரிக்கர் ஒருவரை மையமாக வைத்த முதல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் அது. இன்றைக்கு அதில் ஒரு அத்தியாயம்கூட மிஞ்சவில்லை. அதை ஒளிபரப்பிய டியூமொன்ட் நிறுவனம் மூடிய பிறகு அதன் பழைய பிரதிகள் அநேகமாக எல்லாமே அழிந்துபோயின.

1961 பெப்ரவரி 3 ஆம் திகதி, 56 ஆவது வயதில், மாரடைப்பால் இறந்தார். லொஸ் ஏஞ்சல்ஸில் அம்மாவின் கல்லறையிலேயே அடக்கம். கல்லின் நடுவில் அம்மாவின் பெயர். அன்னா மே என்ற பெயர் அதில் இல்லை; ஒரு ஓரத்தில் அவருடைய சீனப் பெயர் மட்டும் சீன எழுத்தில் இருக்கிறது. வாசிக்கத் தெரியாதவர்கள் கடந்து போய்விடுவார்கள்.

2023 மார்ச்சில் மிஷெல் யோ சிறந்த நடிகைக்கான ஒஸ்காரை வாங்கினார். தன் ஆசிய அடையாளத்தோடு அந்த விருதை வாங்கிய முதல் பெண். சீனப் பெண்ணாக நடித்ததற்காக லூயிசே ரைனர் வாங்கி 85 வருசம் கழித்து. நாணயம் வெளிவந்து அஞ்சு மாதம்.

பார்க்க விரும்புகிறவர்கள் ‘த டோல் ஒஃப் த சீ’யிலிருந்து தொடங்கலாம். ஒரு மணித்தியாலத்துக்குள் முடியும், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதற்குப் பிறகு ‘பிக்கடில்லி’, பிறகு ‘டோட்டர் ஒஃப் ஷாங்காய்’. இந்த வரிசையில் பார்த்தால் 17 வயதுப் பிள்ளை அழத் தொடங்கி, 24 வயதில் மேசைமேல் ஏறி ஆடி, 32 வயதில் உயிரோடு படத்தை முடிக்கிறதைப் பார்க்கலாம். கதை மோசமாக இருக்கிற இடங்களில் கதையை விட்டுவிட்டு அவருடைய கண்ணைப் பாருங்கள். தாமரைப்பூ சிரிக்கப் பார்க்கிற அந்தக் காட்சியை நாங்கள் ரெண்டு தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தோம். அந்த வேடத்தை எழுதினவர்கள் அவருக்குக் கொடுக்காத ஒன்றை அவர் தானாகவே அதற்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறார்.